மணி அடித்தால் திறக்காத வீடு

சென்ற ஆண்டு மார்ச் மாதம் பதினான்காம் தேதி, மாநகராட்சித் தலைமை அலுவலகத்தின் தரைத்தளத்தில், குடிநீர் வரி கட்டும் சன்னலுக்குப் பக்கத்துப் பலகையில் ஓர் அறிவிப்பு ஒட்டப்பட்டது. நகரத்தின் சிறு அருங்காட்சியகங்களைப் பற்றி ஒரு கைநூல் வெளியாகும். விண்ணப்பித்தவற்றைத் தேர்வாளர் முன்னறிவிப்பின்றி வந்து பார்ப்பார். சேர்க்கப்படும் காட்சியகம் இடநெருக்கடியில் இருந்தால் பழைய தந்தி அலுவலகக் கட்டடத்தில் அதற்கு ஓர் அறை ஒதுக்கப்படும் என்று அதில் இருந்தது.

வரி கட்ட வந்திருந்த ஒரு பெண் கடைசி வரியை மட்டும் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தாள். பின்னால் நின்றவர், "அம்மா, வரிசை எப்பவோ நகர்ந்துடுச்சு" என்றார். அவள் நகரவில்லை. "நீங்க போங்க சார். எனக்கு வேற வழி பிறந்திருக்கு" என்றாள்.

அவள் ஒரு காது மூக்கு தொண்டை மருத்துவமனையில் செவித்திறன் சோதிப்பவள். கண்ணாடிக் கூண்டுக்குள் ஆளை உட்கார வைத்து, தலையில் ஹெட்போனை மாட்டி, ஒலியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே போவாள். கேட்டால் கையைத் தூக்க வேண்டும். கேட்காமலே தூக்குகிறவர்களும் உண்டு; அவர்களை முகத்தைப் பார்த்தே பிடித்துவிடுவாள். நோயாளிகள் வைத்த பெயர் காதம்மா. நாளடைவில் தெருவும் அதையே பிடித்துக்கொண்டது.

நாள் முழுவதும் 'கீ', 'கூ' என்று கேட்டுவிட்டு வீட்டுக்கு வருகிறவளுக்கு சாய்ந்து உட்கார ஓர் இடமும் கொஞ்சம் அமைதியும் போதும். இரண்டும் அவள் வீட்டில் கிடையாது. ஹால் முழுக்க அழைப்பு மணிகள்.

கணவர் லிப்ட் மெக்கானிக். பழைய அடுக்குமாடிகளில் லிப்டைப் பழுதுபார்க்கப் போகும்போது, யாராவது வீட்டைப் புதுப்பித்துக்கொண்டிருப்பார்கள். பழைய மணி குப்பை வாளியில் கிடக்கும். முதல் மணியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்தார். "பாவம்மா, நல்லாத்தான் அடிக்குது" என்றார். ஒட்டகம் கூடாரத்துக்குள் மூக்கை மட்டும் வைத்துக்கொள்ள இடம் கேட்ட கதைதான். பன்னிரண்டு வருஷத்தில் ஹாலின் நாலு சுவரும் ஒட்டுப்பலகையால் மூடப்பட்டு, பலகை முழுக்க மணிகள் வரிசை கட்டிவிட்டன. கயிற்றை இழுத்தால் அடிப்பது, சாவி கொடுத்தால் அடிப்பது, கிளி மாதிரி கத்துவது, குழந்தை மாதிரி சிரிப்பது, ஒரு பாட்டின் முதல் அடியைத் தொடங்கி நடுவில் மறந்துவிடுவது. ஒவ்வொன்றின் கீழும் ஒரு பொத்தான். அழைப்பு மணி அருங்காட்சியகம் என்று பெயர்ப்பலகையும் எழுதி மாட்டினார். தெரு அவரை மணிக்காரர் என்றது. அவருக்கு அதில் பெருமைதான்.

காட்சியகத்தின் சட்டம் ஒன்றே ஒன்று. யாரும் எதையும் அழுத்தலாம்.

இதனால் வந்த வினை, அந்த வீட்டில் மணி அடித்தால் யாரும் எழுந்திருப்பதில்லை. வாசல் கதவுக்கு வெளியேயும் ஒரு மணி இருந்தது. முதல் ஒலி சுத்தமாக வரும், இரண்டாவது ஒலி தொண்டை கட்டினாற்போல் பாதியில் நிற்கும். அதன் கீழே 'அழுத்திப் பார்க்கவும்' என்ற அட்டை. வெளியே அடித்தாலும் உள்ளே அடித்தாலும் வீட்டாருக்கு ஒன்றுதான். விவரம் தெரிந்தவர்கள் அதைத் தொடமாட்டார்கள். காஸ் சிலிண்டர் கொண்டுவருபவர் சிலிண்டரைத் தரையில் 'ணங்'கென்று வைப்பார். கூரியர்காரர் தெருவில் நின்று "காதம்மா" என்று கத்துவார். காதம்மாவின் தம்பி மாடிப்படியில் ஏறும்போதே போன் செய்து, "அக்கா, நான்தான், திற" என்பான்.

அந்தத் தம்பி வீட்டில்தான் அவர்களுடைய சோபா இருந்தது. ஹாலில் இடமில்லாமல் போனபோது ஒரு மாதத்துக்கு என்று சொல்லிக் கொண்டுபோய் வைத்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் காதம்மா தன் சோபாவில் உட்காருவதற்காகத் தம்பி வீட்டுக்குப் போவாள். போன மாதம் தம்பி, "அக்கா, காலைத் தூக்கி மேல வைக்காதே, புது உறை போட்டிருக்கேன்" என்றான். எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பார்கள். வளை இருந்தும் உட்கார இடமில்லாத எலியின் கதையை யாரும் சொல்லிவைக்கவில்லை. அவர்கள் வீட்டில் சாப்பாடு கட்டில் மேல், மகளின் படிப்பு சமையலறையில், விருந்தாளிகள் மாடிப்படியில்.

ஆகவே அறிவிப்பைப் படித்த அன்று மாலை அவள் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும் முன்பே விஷயத்தைச் சொன்னாள்.

மணிக்காரர் ஒரு மணியின் வயிற்றைத் திறந்து வைத்திருந்தார். "நம்ம மணிக்கு மாநகராட்சி அங்கீகாரமா?"

"ஆமாங்க. அங்கீகாரம், புத்தகத்துல பேரு, தனியா ஒரு அறை."

அவர் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தார். "நீ எதுக்கு இவ்வளவு ஆசையா சொல்றே? போன வாரம்தான் கிளியை சன்னல் வழியா எறிவேன்னு சொன்னே."

"எறியலையே."

சமையலறையிலிருந்து மகள் குரல் கொடுத்தாள். சட்டக் கல்லூரியில் படிக்கிறவள், எதையும் சுற்றி வளைத்துப் பேசமாட்டாள். "அப்பா, அம்மாவுக்கு ஹால் வேணும். உங்களுக்குப் பேர் வேணும். ரெண்டு பேருக்கும் ஒரே வக்கீல் போதும்."

மணிக்காரர் கூரையை அண்ணாந்து பார்த்தார். "தந்தி ஆபீஸ் கூரை உயரம். எதிரொலி பிரமாதமா வரும்" என்றார். அத்துடன் குடும்பம் ஒரே கட்சியாயிற்று. மறுநாளே விண்ணப்பம் போயிற்று.

மற்ற சிறு காட்சியகங்கள் எப்படி இருக்கின்றன, தேர்வாளரைக் கவர என்ன செய்கிறார்கள் என்று வேவு பார்க்க, அடுத்த ஞாயிற்றுக்கிழமை காதம்மாவும் மகளும் கிளம்பினார்கள்.

முதலில் போனது ரயில் நிலையத்துக்குப் பின்னாலிருந்த ஒரு முடிதிருத்தும் கடை. அதன் பின்னறைதான் குடை அருங்காட்சியகம். மழைக்கு ஒதுங்கி முடிவெட்டிக்கொள்ள வந்து, மழை விட்டதும் மறந்துவிட்டுப் போனவர்களின் குடைகள். கம்பி ஒடிந்தது, பூப்போட்டது, கைப்பிடியில் வாத்துத் தலை வைத்தது. ஒவ்வொன்றிலும் ஓர் அட்டை. மறந்தவர் அன்று என்ன வெட்டிக்கொண்டார் என்ற குறிப்பு.

"இத்தனை வருஷத்துல மொட்டை அடிச்ச ஆளு ஒருத்தர்கூட குடையை மறந்ததில்லைங்க" என்றார் கடைக்காரர். "தலையில ஒரு சொட்டு விழுந்தாலும் தெரிஞ்சுடும் பாருங்க."

"குடையைக் கேட்டு யாரும் திரும்பி வரமாட்டாங்களா?" என்று மகள் கேட்டாள்.

"வருவாங்க. வந்து பார்த்துட்டு, இங்கயே இருக்கட்டும்னு சொல்லிட்டுப் போயிடுவாங்க. காட்சியகத்துல தன் பொருள் இருக்குன்னா யாருக்குத்தான் கசக்கும்?"

இரண்டாவது, வாக்குவம் கிளீனர் பழுதுபார்க்கும் கடை. அங்கே இருந்தது தூசி அருங்காட்சியகம். பழுதுக்கு வந்த இயந்திரங்களின் பைகளிலிருந்து எடுத்த தூசி, மூடி போட்ட கண்ணாடிச் சீசாக்களில். 'நீதிமன்றம், மூன்றாம் அறை' சாம்பல் நிறம். 'திரையரங்கு, கடைசி வரிசை' கொஞ்சம் இனிப்பு வாசனை உள்ளதாம். மூடியைத் திறக்க அனுமதி இல்லை. 'நூலகம்' என்ற சீசாவில் அடியில் ஒரு விரற்கடை மட்டுமே இருந்தது.

"நூலகத் தூசி இவ்வளவுதானா?" என்றாள் மகள்.

"ஆளு உள்ள போனாத்தானேம்மா தூசி" என்றாள் கடைக்காரரின் மனைவி. ஈரத்துணியால் ஒவ்வொரு சீசாவாகத் துடைத்துக்கொண்டிருந்தாள். "உள்ள இருக்கிற வரைக்கும் கண்காட்சி. வெளியில படிஞ்சா அழுக்கு. இந்த வித்தியாசத்தைக் காப்பாத்தத்தான் எனக்குத் தினமும் ஒரு மணி நேரம் போகுது."

காதம்மாவுக்கு அவளை உடனே பிடித்துப்போயிற்று. மெல்ல விசாரித்தாள். தேர்வாளர் வந்தாரா?

"வந்துட்டுப் போயாச்சாம். யாரு, எப்பன்னு ஒண்ணும் தெரியாது. ஆபீஸ்ல இருந்து போன் வருது, 'பார்த்தாச்சு, நன்றி'ன்னு. எங்க வீட்டுக்காரரு இந்த மாசம் வந்த வாடிக்கைக்காரங்க முகத்தையெல்லாம் நினைச்சுப் பார்த்துப் பார்த்து ராத்திரி தூங்கறதில்லை."

திரும்பி வரும் வழியில் காதம்மா மகளிடம் சொன்னாள்: "புரிஞ்சுதா? இனிமே வர்றவங்க எல்லாரும் தேர்வாளர்தான்."

அன்றிலிருந்து அந்த வீட்டு வாசலில் கால் வைத்தவர்களுக்கு ராஜ மரியாதை. காஸ்காரர் சிலிண்டரைத் தோளில் வைத்தபடி, "அண்ணே, இதை எங்க இறக்கட்டும்?" என்றார். மணிக்காரர், "அதை விடுங்க, முதல்ல இந்தக் கயித்தை இழுங்க" என்றார். மின் அளவு குறிக்க வந்தவருக்குப் பழச்சாறு. வழி தவறி மாடிக்கு வந்த ஒரு கிழவருக்கு நாற்காலி, மின்விசிறி, எல்லா மணிகளையும் காட்டும் முழுச் சுற்று; இறங்கிப் போகும்போது அவர், "தம்பி, நான் பல் டாக்டரைப் பார்க்க வந்தேன். ஆனா வலி நின்னுடுச்சு" என்றார்.

இதையெல்லாம் சுவருக்கு அப்பாலிருந்து ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டு வர்ணனையாளர். இரு வீட்டு ஹால்களுக்கும் ஒரே சுவர். வானொலியில் கால்பந்துப் போட்டிகளை நேர்முகமாக வர்ணித்து ஓய்வு பெற்றவர். மகன் வேலையாக வெளிநாடு போன பிறகு தனியாகத்தான் இருந்தார். வேலை போனாலும் வாய் ஓயவில்லை. லிப்ட் நடுவில் நின்றுவிட்டால்கூட உள்ளே இருப்பவர்களுக்கு நிலவரத்தைச் சொல்லிக்கொண்டு வருவார். மணிச் சத்தத்தால் காது கெட்டுவிட்டது என்று குடியிருப்புச் சங்கத்தில் புகார் கொடுக்க, ஆதாரத்துக்காகப் போன வருஷம் காதம்மாவிடமே சோதனைக்கு வந்தார். அவள் மெனக்கெட்டுச் சோதித்துப் பார்த்துவிட்டு, "சார், உங்களுக்குப் பள்ளிக்கூடப் பிள்ளை காது. நான் என்ன பண்ணட்டும்?" என்றாள். "நல்லா பாருங்க, எங்கயாவது கொஞ்சமாவது கெட்டிருக்கும்" என்று கெஞ்சினார். புகார் அங்கேயே படுத்துவிட்டது.

ஜூன் மாதத்தில் ஒரு சனிக்கிழமை மதியம், கதவு தட்டும் சத்தம் கேட்டது. விரல் முட்டியால் மரத்தில் மூன்று தட்டு, நிறுத்தி, காது கொடுத்துக் கேட்டு, மறுபடி மூன்று தட்டு. மணிக்காரர் திறந்தார். தோளில் பை, கையில் சிறிய டார்ச், முகத்தில் சிரிப்பே இல்லாத ஒருவர் நின்றார். "பார்க்கச் சொன்னாங்க" என்றார்.

மணிக்காரர் மனைவியை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வைக்கு வசனம் தேவைப்படவில்லை. காதம்மா காப்பி போடச் சமையலறைக்குள் போனாள். மகள் புத்தகத்தை மூடிவிட்டு அப்பாவின் பக்கத்தில் போய் நின்றாள்.

வந்தவர் மணிகளைப் பார்க்கவில்லை, பலகைகளைப் பார்த்தார். ஓரத்தில் டார்ச் அடித்தார். விரலால் தட்டினார். "எத்தனை வருஷமா இருக்கு?"

"பன்னிரண்டு வருஷமா."

"எங்க ஆரம்பிச்சுது?"

"இந்த மூலையிலதான். ஒண்ணே ஒண்ணு" என்றார் மணிக்காரர், மூலையைத் தொட்டுக் காட்டி. "அப்புறம் நாலு சுவருக்கும் பரவிடுச்சு. இப்ப படுக்கையறை வரைக்கும் வந்தாச்சு."

வந்தவர் தலையை மெல்ல ஆட்டினார். "இவ்வளவு நாள் விட்டிருக்கவே கூடாது."

சமையலறையில் காதம்மா இதைக் கேட்டு, அரசாங்கம் இவ்வளவு தாமதமாகத்தான் கலையை மதிக்கிறது என்று அந்த மனிதர் வருத்தப்படுவதாக எடுத்துக்கொண்டாள். டப்பாவிலிருந்த நல்ல பிஸ்கட்டுகளை எடுத்தாள்.

ஹாலில் காட்சி தொடங்கியிருந்தது. மணிக்காரர் ஒவ்வொன்றாக அழுத்தினார். கயிற்று மணி. சாவி மணி. சிரிப்பு மணி. கிளி. நடுவில் வாசல் மணியும் அடித்தது: முதல் ஒலி சுத்தமாக, இரண்டாவது தொண்டை கட்டி. பாலைக் கிளறிக்கொண்டிருந்த காதம்மா அதைத் துல்லியமாகக் கேட்டாள். எந்த மணி எங்கே இருக்கிறது என்பது அவளுக்குத் தூக்கத்திலும் தெரியும். சுற்றின் முடிவில் மகள் வெளியே போய் வாசல் மணியை அழுத்திக் காட்டுவது வழக்கம். 'பொண்ணு இன்னைக்குக் கொஞ்சம் முன்னாடியே போயிட்டா' என்று நினைத்துக்கொண்டாள். மறுபடி அடித்தது. 'நல்லாத்தான் காட்டுறா.' மூன்றாவது முறை நீளமாக அடித்தது. அதன் பிறகு அடிக்கவில்லை.

காப்பித் தட்டோடு அவள் ஹாலுக்கு வந்தபோது மகள் அப்பாவின் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள்.

"நீ வெளியில போகலை?" என்றாள் காதம்மா.

"இல்லையே. இப்பத்தான் போகணும்."

காதம்மா தட்டைக் கீழே வைக்க இடம் தேடினாள். அந்த ஹாலில் அதற்கும் இடமில்லை. இதற்குள் வந்தவர் டார்ச்சை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டு தீர்ப்பு சொன்னார்.

"சார், ஒட்டுப்பலகையில இன்னும் ஏறலை. ஆனா கதவுச் சட்டத்துல ஏறியிருக்கு. மொத்த வீட்டுக்கும் துளை போட்டு மருந்து அடிச்சுடலாம். ரெண்டு நாள் நீங்க வெளியில தங்கணும்."

மணிக்காரர் கிட்டே வந்தார். "எங்க பேரு புத்தகத்துல வருமா?"

"எந்தப் புத்தகம்? நான் கரையானுக்கு வந்திருக்கேன். மூணாவது மாடிதானே இது?"

"ரெண்டாவது" என்றாள் மகள்.

கரையான்காரர் காப்பியை மட்டும் குடித்துவிட்டு மேலே போனார். அவரை வழியனுப்பக் கதவைத் திறந்தபோதுதான் பக்கத்து வீட்டுக் கதவு அகலத் திறந்திருப்பதைக் காதம்மா பார்த்தாள். உள்ளே, சுவருக்கு அருகே போட்ட நாற்காலியில், நடுத்தர வயதுப் பெண் ஒருத்தி உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். சிரித்துச் சிரித்து வந்த கண்ணீர். மடியில் மாநகராட்சி முத்திரை போட்ட கோப்பு. வர்ணனையாளர் கையில் ஒலிவாங்கி பிடித்தாற்போல் ஒரு கரண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஹாலில் மணிக்காரர் துக்கத்தில் எதையோ அழுத்தினார் போலும், கிளி கத்தியது.

"இதோ, நேயர்களே, வடக்குச் சுவரிலிருந்து மீண்டும் கிளி" என்றார் வர்ணனையாளர். "ஒரு முறை கத்துகிறது. இரு முறை கத்துகிறது. வீட்டுக்காரர் விரலை எடுக்கவில்லை. இது ஆட்டத்தின் இந்தக் கட்டத்தில் சற்றும் தேவையில்லாத தாக்குதல். பார்வையாளர்கள் அமைதி இழக்கிறார்கள்."

காதம்மா ஓரடி முன்னால் வைத்தாள். "வாசல்ல மணி அடிச்சது நீங்களா?"

"மூணு தடவை அடிச்சேங்க" என்றாள் தேர்வாளர். "சார்தான் வந்து கூப்பிட்டாரு."

"கேட்டதுமே எனக்குத் தெரிஞ்சுபோச்சு" என்றார் வர்ணனையாளர். "வீட்டுக்காரர் அழுத்தினா மணியில ஒரு பெருமை இருக்கும். வெளியாள் அழுத்தினா சந்தேகம் இருக்கும். இது சந்தேகம்."

"உள்ள வாங்கம்மா, ஒரு நிமிஷம் வந்து பாருங்க" என்று காதம்மா வாசலைக் காட்டினாள். தேர்வாளர் கடிகாரத்தைப் பார்த்து எழுந்தாள். இன்னும் ஒரு காட்சியகம் பார்க்க வேண்டும், கடை அடைத்துவிடுவார்கள் என்றாள். வாசலில் நின்றபடியே எட்டிப் பார்த்தாள், ஹால் சுவர்களையும், கிளியின் பொத்தானில் விரல் வைத்தபடி சிலையாக நின்ற மணிக்காரரையும் பார்த்தாள், வணக்கம் சொன்னாள், போய்விட்டாள்.

அன்று இரவு கட்டில் மேல் சாப்பிடும்போது மகள், "ஊர்ல எவ்வளவோ பேர் தேர்வாளருக்குக் கதவைத் திறந்திருப்பாங்க. திறக்காதது நாம மட்டும்தான். அவங்களுக்கு நம்மளை ஞாபகம் இருக்கும்" என்றாள்.

"உன் வாயை வெச்சுக்கிட்டு நீ வக்கீலாகி யாரைக் காப்பாத்தப் போறே?" என்றாள் காதம்மா.

ஆனால் மகள் சொன்னதுதான் நடந்தது. மூன்று வாரம் கழித்து மாநகராட்சியிலிருந்து கடிதம் வந்தது. மணிக்காரர் சத்தமாகப் படித்தார். அழைப்பு மணி அருங்காட்சியகம் கைநூலில் சேர்க்கப்படுகிறது. அவர் கடிதத்தைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, வரிசையாகப் பதினைந்து மணியாவது அடித்திருப்பார். காதம்மா கடிதத்தை வாங்கி இரண்டாவது பத்தியைப் படித்தாள். 'மேற்படி காட்சியகம் அடுத்தடுத்த இரு வீடுகளில் இயங்கிவருவது தேர்வாளரால் நேரில் அறியப்பட்டுள்ளதால், அதற்கு இடநெருக்கடி உள்ளதாகக் கருத இயலவில்லை.' தந்தி அலுவலக அறை தூசி அருங்காட்சியகத்துக்குப் போயிற்று.

அவள் சமையல் மேடையின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள். வீட்டில் அது ஒன்றுதான் காலியாக இருந்தது.

கைநூல் வெளிவந்ததும் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். அதில் இப்படி இருந்தது: 'மணி அடித்தால் கதவு திறக்காது. பக்கத்து வீட்டில் தட்டி, அமர்ந்து கேட்கவும். வர்ணனை உண்டு.' எல்லோரும் நேரே வர்ணனையாளர் வீட்டுக்குப் போனார்கள். வெறும் வாயை மெல்லுகிறவருக்கு அவல் கிடைத்ததுபோல் ஆயிற்று. சனி, ஞாயிறுகளில் அவர் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டார். இந்தப் பக்கம் மணிக்காரர் ஆளில்லாத ஹாலில் தனியாக நின்று ஒவ்வொன்றாக அழுத்துவார். அந்தப் பக்கம் சிரிப்பும் கைதட்டலும் எழும்.

"நான் அடிக்கிறேன், அவர் கைதட்டு வாங்குறார்" என்றார் மணிக்காரர். "உழுதவன் ஒருத்தன், அறுத்துக்கிட்டுப் போறவன் இன்னொருத்தன். இந்த அநியாயம் எந்த ஊர்ல நடக்கும்?"

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வேண்டுமென்றே எதையும் அழுத்தாமல் நின்றார். சுவருக்கு அப்பால் வர்ணனையாளர் கொஞ்சமும் அசராமல், "இடைவேளை, நேயர்களே" என்றார். அதற்கும் கைதட்டினார்கள்.

வர்ணனையாளருக்கும் குறை இருந்தது. மாலையில் வாசலில் நின்று காதம்மாவிடம் முறையிட்டார். "உங்க வீட்டுச் சின்ன மணியெல்லாம் சுவரைத் தாண்டி வரமாட்டேங்குதும்மா. அந்தக் கயிறு மணி, சாவி மணி எல்லாம் சுத்தமா காணோம். கிளியும் சிரிப்பும் மட்டும்தான் வருது. எத்தனை நாளைக்குத்தான் கிளியையே வர்ணிக்கிறது?"

மறுநாள் காதம்மா மருத்துவமனையிலிருந்து ஒலியளவு பார்க்கும் சின்னக் கருவியை எடுத்துவந்தாள். மணிக்காரரை அடிக்கச் சொல்லிவிட்டுப் பக்கத்து வீட்டில் நின்று அளந்தாள். பொதுச் சுவர் கனமான செங்கல். பாதிச் சத்தத்தை அதுவே தின்றுவிடுகிறது. பிறகு வர்ணனையாளரின் ஹாலுக்கும் பின்னறைக்கும் நடுவிலிருந்த தடுப்பை விரலால் தட்டினாள். உள்ளே வெற்றாக இருந்தது. கருவியை வர்ணனையாளர் கையில் கொடுத்துவிட்டு, பின்னறைக்குள் போய்க் கைப்பையைத் திறந்து சாவிக்கொத்தை ஆட்டினாள். கருவியின் முள் ஹாலில் நன்றாகவே எழும்பியது.

கணவரையும் வரச் சொன்னாள். மூன்று பேரும் மகளும் வர்ணனையாளரின் ஹாலில் உட்கார்ந்தார்கள். உட்கார நாற்காலிகள் இருந்தன.

"சார், உங்களுக்கு வேண்டியது ஒரு சுவர்" என்றாள் காதம்மா. "அந்தச் சுவர் எங்க வீட்டோடதா இருக்கணும்னு இல்லையே. உங்க வீட்டுக்குள்ளேயே நல்லதா ஒண்ணு இருக்கு. மணியெல்லாம் பின்னறையில. நீங்க இங்க. கயித்து மணிகூட தெளிவா கேக்கும்."

வர்ணனையாளர் பின்னறையைத் திரும்பிப் பார்த்தார். "அது என் ஒலிநாடா அறைம்மா. என் ஆட்டம் எல்லாம் அங்கதான் இருக்கு."

மணிக்காரர் மனம் இளகி, "அதுக்கென்ன சார், அந்தப் பெட்டிங்களை நம்ம ஹால்ல..." என்று ஆரம்பித்தார். மனைவி அவர் பக்கம் திரும்பினாள். அவர் வாக்கியத்தை அங்கேயே விட்டுவிட்டு மின்விசிறியைப் பார்த்தார்.

"கட்டிலுக்கு அடியில வெச்சுக்கலாம் சார். உங்க கட்டிலுக்கு" என்றாள் மகள்.

"நான் எங்க நிக்கிறது?" என்றார் மணிக்காரர். "பின்னறையிலயும் தனியாத்தானே அடிக்கணும்?"

"வர்ணனை முடிஞ்சதும் எல்லாரும் உள்ள வந்து பார்க்கட்டும்" என்றாள் காதம்மா. "இங்க உட்கார்ந்து கேக்கணும், அங்க வந்து அழுத்தணும். கைதட்டு ரெண்டு பேருக்கும்."

வர்ணனையாளர் கரண்டியை எடுத்துக் கையில் உருட்டினார். "பலகையில என் பேருக்குக் கீழ இயக்குநர்னு போடணும்."

"மண்ணாங்கட்டி" என்றார் மணிக்காரர். "பன்னிரண்டு வருஷமா குப்பை வாளியில கை விட்டு எடுத்தவன் நான். இவர் சுவருக்குப் பக்கத்துல உட்கார்ந்தவர்."

"உட்காரலை மாமா, நின்னேன். வர்ணனை நின்னுக்கிட்டுத்தான் பண்ணணும்." வயதில் மூத்தவர் தன்னை மாமா என்று கூப்பிட்டதில் மணிக்காரர் கொஞ்சம் குழம்பிப்போனார். அந்தக் குழப்பம் தெளிவதற்குள் மகள் ஒரு காகிதத்தில் எழுதிவிட்டாள்: 'நிறுவனர்' முதல் வரியில், 'வர்ணனையாளர்' இரண்டாவது வரியில், இரண்டும் ஒரே அளவு எழுத்து. இயக்குநர் பதவி யாருக்கும் இல்லை.

"கிளி?" என்றார் வர்ணனையாளர்.

"ஒரு காட்சிக்கு ஒரு தடவை" என்றார் மணிக்காரர். "அதுக்கு மேல நான் அடிக்க மாட்டேன்."

"ஒரு தடவைன்னா, ஒரு கத்தலா, ஒரு அழுத்தலா?"

"ஒரு கத்தல்" என்றாள் காதம்மா.

ஆகஸ்ட் மாதக் கடைசி வாரத்தில் பலகைகள் கழற்றப்பட்டுப் பக்கத்து வீட்டின் பின்னறைக்குக் கொண்டுபோகப்பட்டன. கதவுச் சட்டம் ஒன்றில் இடித்துக் கொஞ்சம் சிராய்ந்தது. மாநகராட்சிக்கு முகவரி மாற்றம் தெரிவிக்கப்பட்டது. கைநூலின் இரண்டாம் பதிப்பில் அது திருத்தப்பட்டிருக்கிறது. காட்சியகம் சனி, ஞாயிறு மாலைகளில் திறந்திருக்கும். காதம்மாவின் ஹால் சுவர்களிலிருந்த திருகாணி ஓட்டைகளை ஒரு கொத்தனார் வந்து பூசிவிட்டுப் போனார். வெள்ளையடிக்கும் வேலை அதற்கு அடுத்த வாரம்; அது காய்ந்ததும் தம்பி வீட்டிலிருந்து சோபா.